வாசகர் கேள்வி: நாற்பதாயிரம் படங்களில் எதை எடுத்துக்காட்டுவது?

கேள்வி: ஐயா, வணக்கம். எட்டு ஆண்டுகளாகத் திருமணப் படங்கள் எடுத்துவருகிறேன். இனிப் பத்திரிகைகளுக்கும் நிறுவனங்களுக்கும் படம் எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஹார்டு டிஸ்கில் இருக்கும் 40,000 படங்களிலிருந்து 120 படங்களைத் தேர்ந்தெடுத்து, போர்ட்ஃபோலியோ (என் திறமையைக் காட்டும் படத்தொகுப்பு) என்று மூன்று இடங்களுக்கு அனுப்பினேன். ஓரிடத்திலிருந்தும் பதில் இல்லை. அதே படங்களைத் தங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். எங்கே தவறுகிறேன்?
- வாசகர், வீரவநல்லூர்

பதில்: உங்கள் 120 படங்களையும் இரண்டு முறை நிதானமாகப் பார்த்தேன். ஃபோகஸ் பிசகவில்லை, மண்டப விளக்குகளின் மஞ்சளிலும் முகங்களின் நிறம் கெடவில்லை. கை தேர்ந்திருக்கிறது. ஆனால் தாலி கட்டும் படங்கள் மட்டும் 14 இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் அந்தந்த வீட்டாருக்கு விலைமதிப்பற்றவை என்றாலும், அந்த வீடுகளை அறியாத ஒருவர் முதல் படத்தைப் பார்த்தபின் மற்ற 13 படங்களையும் நிறுத்தாமல் தள்ளிக்கொண்டே போய்விடுவார். கல்யாண ஆல்பத்தில் எவரும் விடுபடக் கூடாது. தாய்மாமன் படம் இல்லையென்றால் அந்த மனத்தாங்கல் ஆறுவதற்கு ஆண்டுகள் ஆகும். அப்படி எல்லோரையும் சேர்த்துச் சேர்த்துப் பழகிய கைக்குப் படங்களை விலக்குவது கடினம் என்பது எனக்குத் தெரியும்.

என் இளம் வயதில் 60 பிரிண்டுகளை ஓர் அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு, இரவு ரயிலேறி, சென்னையில் ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த படப் பிரிவு ஆசிரியர் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒரு வார்த்தையும் பேசாமல் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் 11 படங்கள் மட்டும் கவிழாமல் இருந்தன. அவற்றில் ஏழு குறுக்குத்துறைப் படித்துறையில் எடுத்தவை. ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோயிலைத் தாமிரபரணி வெள்ளம் மூழ்கடித்த நாளிலும், நீர் வடிந்து மண்டபத்தில் படிந்த சேற்றை வாரிய நாளிலும், ஒன்றும் நடக்காத சாதாரணக் காலைகளிலும் அங்கே போய் நின்றிருந்தேன். “இந்த ஓரிடத்துக்குத்தான் நீங்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறீர்கள், இல்லையா?” என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களிடம் கேட்கிறேன்: நீங்கள் திரும்பத் திரும்பப் போகும் இடம் எது?

உங்கள் தொகுப்பிலேயே அதற்கு ஒரு தடயம் கிடைத்தது. 73-ஆவது படத்தில், மணமக்கள் பெயரும் திருமணத் தேதியும் நெய்த பத்தமடைப் பாயைச் சீர்வரிசைத் தட்டுகளுக்கு நடுவே வைத்து எடுத்திருக்கிறீர்கள். அந்தப் பாய் நெய்யப்படும் ஊர் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கோரையை வகிர்ந்து, நீரில் ஊறவைத்து, உலர்த்தி, சாயம் தோய்த்து, நீளவாக்கில் கட்டிய பருத்தி நூல் பாவில் இழை இழையாகக் கோத்து அந்தப் பெயர்களைக் கொண்டுவருகிற பெண்களின் விரல்களை எடுத்திருக்கிறீர்களா? அந்தத் தறி தரையோடு தாழ்ந்திருக்கும். நின்றபடி எடுத்தால் உச்சந்தலை மட்டுமே விழும். முதல் நாள் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அவர்கள் அனுமதித்தால் அருகில் தரையில் உட்கார்ந்து, சன்னல் வெளிச்சம் எந்த நேரத்தில் விரல்மேல் வந்து விழுகிறது என்று மட்டும் பாருங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், நேராக அடிக்கிற அந்த வெளிச்சத்தில் கோரையின் மினுமினுப்பும் இழைகளுக்கு இடையிலான மெல்லிய நிழலும் அழிந்துபோகும். ஆறு மாதங்களில் பத்து முறை போனால், தறியில் பாதி எழுத்தோடு நிற்கும் பெயரும், கல்யாண வீட்டில் விரிந்த பாயும் உங்கள் கையில் இருக்கும். கல்யாண வீட்டுக்குள் நீங்கள் இயல்பாகப் போகலாம்; வெளியூரிலிருந்து வரும் படக்காரருக்கு அந்த வாசல் எளிதில் திறக்காது. ஆகவே எட்டு ஆண்டு கல்யாண வேலையை மறைக்காமல், அதையே இந்தத் தொகுப்பின் மறுபாதியாக வையுங்கள்.

தேர்வைக் கணினித் திரையில் செய்யாதீர்கள். நூறு படங்களை 4×6 அங்குலத்தில் சாதாரணமாகப் பிரிண்ட் போட்டு, வீட்டுத் தரையில் பரப்பி, ஒரு வாரம் அப்படியே விட்டுவிடுங்கள். போகவர உங்கள் கண் எதைத் தாண்டிப்போகிறதோ அதை விலக்கிவிடுங்கள். படம் எடுக்கத் தெரியாத ஒருவரையும் அழைத்துக் காட்டுங்கள். அவர் ‘அழகாக இருக்கிறது’ என்று சொல்வதை விட்டுவிட்டு, எந்தப் படத்தின் முன் கேள்வி கேட்கிறார் என்று கவனியுங்கள். 15 முதல் 20 படங்கள் போதும். முதல் படமும் கடைசிப் படமும் மிக வலுவாக இருக்கட்டும். எடுத்த சிரமத்துக்காக ஒரு படத்தைச் சேர்க்காதீர்கள். நீங்கள் பட்ட பாடு பார்ப்பவருக்குத் தெரியப்போவதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் யார், எங்கே, என்ன செய்கிறார், எப்போது என்று இரண்டு வரி எழுதுங்கள். படத்தில் இருப்பவரிடம் வெளியிடுவதற்கான சம்மதத்தையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவியான என்னிடம் 18-55 மி.மீ. லென்ஸ் மட்டுமே இருக்கிறது. கூந்தன்குளம் பறவைகளைப் படத்தொகுப்பாகச் செய்ய ஆசை. கடன் வாங்கியாவது பெரிய லென்ஸ் வாங்க வேண்டுமா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. வானில் பறக்கும் நாரையின் கண்ணைத் துல்லியமாகக் காட்டும் படங்கள் ஏராளமாக வந்துவிட்டன. கூந்தன்குளத்தின் தனிச்சிறப்பு, நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களில் கூடு கட்டுவதும், அவற்றுக்காக ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பதும்தான். கிளையில் கூடும், கீழே முற்றத்தில் கோலம் போடுபவரும் ஒரே சட்டத்தில் அமைய வேண்டுமென்றால் அகன்ற காட்சியைப் பிடிக்கும் உங்கள் 18 மி.மீ.தான் உதவும், தொலைவில் இருப்பதை மட்டும் நெருக்கிக் காட்டும் 600 மி.மீ. லென்ஸுக்கு அந்த முற்றம் தெரியாது. கூட்டை நெருங்காதீர்கள், மரத்தில் ஏறவோ கிளையை விலக்கவோ கூடாது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கும் இதையே சொல்வேன்: மாடியிலிருந்து எல்லோரும் எடுக்கும் தேரை விட்டுவிட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவரின் முகத்தைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து பாருங்கள்.

உங்கள் கேமராவின் படம் பெரிதாகப் பிரிண்ட் போடப் போதுமா என்ற அச்சமும் வேண்டாம். 8×12 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட 2400×3600 பிக்சல், அதாவது 9 மெகாபிக்சலுக்கும் குறைவாகவே தேவைப்படும்.

கேள்வி: நான் எடுத்த கல்யாணப் படத்தை என் தொகுப்பில் வைத்ததற்கு மணமகன் வீட்டார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். எடுத்தவனுக்கு உரிமை இல்லையா?
- வாசகர், வள்ளியூர்

பதில்: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அந்தப் படத்தை இப்போதைக்குத் தொகுப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். இனி முன்பணம் வாங்கும்போதே, தேர்ந்தெடுத்த படங்களை என் தொகுப்பில் காட்ட இசைவு உண்டு என்ற வரியை ஒப்பந்தத்தாளில் சேர்த்து, இரு வீட்டாரிடமும் வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.