கேள்வி – பதில்: பரணறையில் நின்று பார்த்தவன்

கேள்வி: ஆஸ்திரிய எழுத்தாளர் ராபர்ட் மூசிலின் ‘இளம் தோர்லெஸ்ஸின் குழப்பங்கள்’ நாவலை ஆங்கில வழியாக வாசித்து முடித்தேன். சக மாணவனைச் சித்திரவதை செய்யும் இருவரைவிட, அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் தோர்லெஸ்மீதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. என் வாசிப்பு கோணலானதா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கோணல் ஒன்றுமில்லை. 1906இல் வெளிவந்த அந்த நாவல் தன் முழுப் பாரத்தையும் அவன் தலையில்தான் ஏற்றி வைத்திருக்கிறது.

வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் தொலைவான மூலையில், ருஷ்யாவுக்குச் செல்லும் இருப்புப்பாதையை ஒட்டிய சிற்றூர். அங்கே மேட்டுக்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. விதவைத் தாயின் மகனான பசீனி, பட்ட கடனை அடைக்க வழியில்லாமல் சக மாணவன் பைனெபெர்க்கின் பெட்டியிலிருந்து பணம் திருடுகிறான். அதைக் கண்டுபிடிக்கும் ரைட்டிங் என்ற இன்னொரு மாணவன், ஆசிரியர்களிடம் சொல்வதில்லை. சொன்னால் பசீனியை வெளியேற்றுவார்கள், விஷயம் அன்றோடு தீர்ந்துவிடும். சொல்லாமல் வைத்திருந்தாலோ அவன் இவர்களின் கைப்பிடிக்குள். பழைய நாடகத் தட்டிகள் அடைந்து கிடக்கும் பரணுக்குப் பின்னால் இவர்களுக்கென்று ஒரு ரகசிய அறை உண்டு. சுவரெங்கும் இரத்தச் சிவப்பில் கொடித்துணி, தரையில் விடுதிக் கம்பளிகள், கதவு நிலையில் குண்டு நிரப்பித் தொங்கவிட்ட கைத்துப்பாக்கி. பிள்ளைகள் கூட்டாஞ்சோறு ஆக்கும் மறைவிடத்தைப் போலவும் வதைக்கூடத்தைப் போலவும் ஒரே சமயத்தில் தோன்றும் அந்த அறையில்தான் பசீனியை அடிக்கிறார்கள், அவமதிக்கிறார்கள்.

தோர்லெஸ் பெரும்பாலும் கை ஓங்குவதில்லை. ஆனால் அடிபட்டுக் கிடப்பவனிடம், தான் திருடன் என்பதை அவன் வாயாலேயே சொல்லச் சொல்கிறான். பின்னொரு நாள் தனியே கூப்பிட்டு, அவமானப்பட்ட அந்தக் கணத்தில் உள்ளுக்குள் என்ன நேர்ந்தது என்று துருவித் துருவிக் கேட்கிறான். பசீனியின் வலி அவனுக்கு ஒரு புதிர்க்கணக்கு. இதே பையன்தான் எதிர்ம ஒன்றின் (−1) வர்க்கமூலம் என்னும், இல்லாத எண்ணைக்கொண்டு போட்ட கணக்கு எப்படிச் சரியான விடைக்கு வந்து சேர்கிறது என்று தவித்துக் கணித ஆசிரியரின் அறைக்குப் போகிறான். அவர் மேசைமேல் கிடந்த, ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட்டின் நூலைக் காட்டி, இப்போதைக்கு நம்பு, பிறகு புரியும் என்று அனுப்பிவிடுகிறார். எண்ணுக்காகப் பட்ட தவிப்பில் பாதியைக்கூட அவன் பசீனிக்காகப் படவில்லை.

எனக்கு மூசிலோடு ஒரு வழக்கு உண்டு. கதையின் நடுவே, வளர்ந்து ஆளாகிவிட்ட தோர்லெஸ் அந்த நாள்களை வெட்கப்படாமல் திரும்பிப் பார்ப்பதைக் காட்டுகிறார். அளவுக்கு மீறி நிம்மதியாக இருக்கும் மனத்தைக் கூர்மையாக்க அந்தச் சிறு துளி நஞ்சு தேவைப்பட்டது என்பது அவனுடைய கணிப்பு. நஞ்சைக் குடித்தவன் பசீனி அல்லவா? அவன் பிறகு என்ன ஆனான் என்பதற்கு நாவலில் ஒரு வரிகூட இல்லை. மூசில் இதைத் தெரிந்தே செய்தாரா, அவரும் தோர்லெஸ்ஸின் பக்கம் சாய்ந்துவிட்டாரா என்று ஒவ்வொரு வாசிப்பிலும் என் தீர்ப்பு மாறுகிறது. அவரே ராணுவ விடுதிப் பள்ளிகளில் படித்தவர். நானும் சில ஆண்டுகள் விடுதியில் இருந்தவன். பக்கத்துக் கட்டிலில் ஒருவன் அடிவாங்கிய இரவில், போர்வை விளிம்பை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி இழுத்து மூடிக்கொண்டேன். அதனால் தோர்லெஸ்ஸுக்குத் தண்டனை விதிப்பதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கிறது.

கேள்வி: அந்நாவலில் பைனெபெர்க் இந்தியத் தத்துவம் பேசிக்கொண்டே கொடுமை செய்கிறான். இது நம் மரபை இழிவுபடுத்துவதாகாதா?
– வாசகர், திருச்சி

பதில்: ஆகாது என்றே நினைக்கிறேன். பைனெபெர்க்கின் தந்தை இளமையில் ஆங்கிலேயப் படையின் அதிகாரியாக இந்தியாவில் இருந்தவர். சிலைகளோடும் துணிகளோடும் பௌத்த மறைஞானத்தில் அரைகுறையாக ஒன்றையும் மூட்டைகட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர். அந்த அரைகுறையிலும் பாதிதான் மகனுக்குக் கிடைத்திருக்கிறது. இரக்கம் தன்னை உலக ஆன்மாவிலிருந்து பிரிக்கும் தளை, ஆகவே பசீனியை வதைப்பது தனக்கு ஒரு தவம் என்று அவன் வாதிடுகிறான். பசீனியை அறிதுயிலில் (ஹிப்னாடிசம்) ஆழ்த்தி ஆன்மாவைக் கண்டுவிடப் போவதாகவும் கிளம்புகிறான். பசீனி தூங்குவதுபோல நடித்து ஏமாற்றியதும் ஞானி இடுப்பு வாரை உருவி அடிக்கத் தொடங்கிவிடுகிறார். மூசிலின் ஏளனம் அந்த வாரின்மேல்தான் இருக்கிறது. ரைட்டிங்குக்கு இந்தத் தத்துவமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தை எப்படித் தூண்டிவிடுவது என்பது ஒன்றே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. பிற்காலத்தில் ஐரோப்பாவில் சர்வாதிகாரிகள் தலையெடுத்தபோது, இந்த இருவரிடமும் அவர்களுடைய வித்து இருந்ததாக மூசிலே தம் குறிப்பேட்டில் எழுதினார்.

கேள்வி: இவ்வளவு நடந்தும் ஆசிரியர்கள் ஏன் கண்டுகொள்ளவில்லை? இதே பொருளில் அடுத்து எதை வாசிக்கலாம்?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: விசாரணை நடக்கிறது. ஆனால் அதற்குள் வகுப்பே ஒரே வாக்குமூலத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது: திருடனைத் திருத்த முயன்றோம், அவ்வளவுதான். பசீனி வெளியேற்றப்படுகிறான். தோர்லெஸ் தன் குழப்பத்தை விளக்க முயலும்போது, பையனுக்கு நரம்புத் தளர்ச்சி போலும் என்று ஆசிரியர்கள் முடிவுகட்டுகிறார்கள்.

அடுத்ததாக, 1963இல் வந்த மரியோ வர்கஸ் யோசாவின் முதல் நாவலை (ஆங்கிலத்தில் ‘The Time of the Hero’) எடுத்துக்கொள்ளுங்கள். பெரு நாட்டில் தாம் படித்த லியோன்சியோ பிராடோ ராணுவப் பள்ளியையே அவர் அதில் களமாக்கினார். மூசிலின் ஆசிரியர்களுக்குப் புரியவில்லை. இங்கே அதிகாரிகளுக்கு எல்லாம் புரிகிறது. வேதியியல் வினாத்தாள் திருட்டில் தொடங்கும் கதையில், எல்லோருடைய ஏச்சுக்கும் ஆளான ஒரு மாணவன் பயிற்சியின்போது குண்டடிபட்டுச் சாகிறான். விபத்து என்று பள்ளி எழுதிவிடுகிறது. அது கொலை என்று ஆல்பர்ட்டோ என்ற மாணவன் புகார் கொடுக்கிறான். கர்னல் அவனைத் தம் அறைக்கு அழைத்து, அவன் எழுதிச் சக மாணவர்களிடம் விற்ற ஆபாசக் கதைகளை எடுத்துக் காட்டி, வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறார். ஆல்பர்ட்டோ புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறான்.