வெளிநாட்டுச் சேவை கேட்கும் பிள்ளைக்கு: நெடுந்தீவுக் கடலில் இருந்து தொடங்குங்கள்

அம்மா, மகள் உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்திருக்கிறாள், அரசியல் விஞ்ஞானத்தில் உயிராய் இருக்கிறாள், இலங்கை வெளிநாட்டுச் சேவைக்கு, அதாவது நாட்டின் இராஜதந்திரிகள் வேலை செய்யும் சேவைக்கு, போகவேண்டும் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். "இதைப் படித்தால் ஆசிரியர் வேலையை விட்டால் வேறு என்ன இருக்கிறது, அதெல்லாம் கொழும்பாருக்குத்தானே" என்பது உங்கள் கவலை.

வேலை இருக்கிறது. அது கைக்கு வருமா என்பது அவள் பாடத்தைப் படிக்கும் விதத்தில் தங்கியிருக்கிறது. சட்டவாக்கம், நிறைவேற்றுத்துறை, நீதித்துறை என்று மூன்று பெட்டி கீறிப் பாடமாக்கினால் உயர்தரத்தில் புள்ளி வரும். போட்டிப் பரீட்சையில் அது காணாது. நாட்டின் பாதுகாப்பும் வெளியுறவும் எந்த ஒரு பெட்டிக்குள்ளும் அடங்காதவை. ஒரு விடயம் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு எங்கே மாறுகிறது என்று பார்க்கப் பழகவேண்டும்.

அதற்கு நம் கடலே போதும். நெடுந்தீவுப் பக்கம் எல்லை தாண்டிய ஓர் இந்திய றோலர் (இழுவைப்படகு) பிடிபடுகிறது என்று வையுங்கள். பிடிப்பது கடற்படை, அரசியலமைப்பின் 30 ஆம் உறுப்புரைப்படி முப்படைகளின் தளபதி ஜனாதிபதி. எல்லை எது? 1974 யூனில் இரு அரசாங்கங்களும் செய்த உடன்படிக்கை பாக்கு நீரிணையில் கீறிய கோடு. எது குற்றம்? அதைச் சொல்வது பாராளுமன்றம் இயற்றிய சட்டம்: வெளிநாட்டு மீன்பிடிப் படகுகளை ஒழுங்குபடுத்தும் 1979 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம். 2018 இல் அதைத் திருத்தித் தண்டப்பணத்தைப் பெரிதாகக் கூட்டினார்கள். பிடிபட்டவர்களைக் கடற்படை கடற்றொழில் திணைக்களத்திடம் ஒப்படைக்கிறது. பிறகு ஊர்காவற்றுறை, பருத்தித்துறை போன்ற ஒரு நீதவான் நீதிமன்றம். விளக்கமறியலா, ஒத்திவைத்த சிறைத்தண்டனையா, படகு பறிமுதலா என்று தீர்ப்பது நீதவான். கடற்படைக்கு அங்கே வேலை இல்லை. இதற்கிடையில் யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரக அதிகாரி தன் நாட்டவரைச் சிறையில் போய்ப் பார்ப்பார். அந்த உரிமை 1963 ஆம் ஆண்டின் கொன்சியூலர் உறவுகள் பற்றிய வியன்னா சமவாயத்தின் 36 ஆம் உறுப்புரையில் இருக்கிறது. கொழும்பில் வெளிவிவகார அமைச்சு டில்லியோடு பேசும். தண்டனை விழுந்த பிறகும் 34 ஆம் உறுப்புரையின்கீழ் ஜனாதிபதி மன்னிப்பு வழங்கலாம். வலை அறுந்து நட்டப்பட்ட நம் மீனவர் கேள்வி கேட்கப் போவது தங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம்.

இந்த ஒரு படகின் பின்னால் எத்தனை உத்தியோகம் நிற்கிறது என்று மகளை எண்ணச் சொல்லுங்கள். சட்டமூலத்தை எழுதிய சட்ட வரைஞர், வழக்கில் ஆலோசனை சொல்லும் அரச சட்டவாதி, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், திணைக்கள அதிகாரி, அமைச்சின் இந்திய விவகாரம் பார்க்கும் இராஜதந்திரி. வெளிநாட்டுச் சேவை இவற்றில் ஒன்று மட்டுமே.

இனி, பிள்ளைகள் வழமையாகத் தடக்கி விழும் இடம். உயர்தரத்தில் அமெரிக்க முறையையும் படிப்பதால் அதைத் தூக்கி இலங்கைக்கு ஒட்டிவிடுகிறார்கள். அமெரிக்காவில் போரைப் பிரகடனம் செய்யும் அதிகாரம் காங்கிரசிடம். உடன்படிக்கைக்கு செனற்றில் மூன்றில் இரண்டு வேண்டும். 1973 ஆம் ஆண்டின் போர் அதிகாரத் தீர்மானப்படி, படையை மோதலுக்குள் இறக்கிய ஜனாதிபதி 48 மணி நேரத்துக்குள் காங்கிரசுக்கு அறிவிக்கவேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் 60 நாளில் முடிக்கவேண்டும். இங்கே அப்படியில்லை. 33 ஆம் உறுப்புரைப்படி போரையும் சமாதானத்தையும் பிரகடனம் செய்வதும் தூதுவர்களை நியமிப்பதும் ஜனாதிபதி. உடன்படிக்கைகள் எல்லாம் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெறவேண்டும் என்று எழுதினால் பிழை. அந்த நிபந்தனை 157 ஆம் உறுப்புரையில், வெளிநாட்டு முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கைகள் சட்டவலுப் பெறுவதற்கு மட்டுமே வருகிறது.

அப்படியென்றால் பாராளுமன்றத்தின் பிடி எங்கே? முதலாவது காசு: 148 ஆம் உறுப்புரைப்படி பொது நிதி முழுவதும் அதன் கட்டுப்பாட்டில். வரவுசெலவு விவாதத்தில் பாதுகாப்பு அமைச்சின் செலவுத் தலைப்பு வரும் நாளின் ஹன்சாட்டை (பாராளுமன்ற உரைப் பதிவை) ஒரு தடவையாவது அவள் வாசிக்கவேண்டும். இரண்டாவது அவசரகால நிலை. 155 ஆம் உறுப்புரையை நாள் கணக்கோடு படிக்கவேண்டும்: பிரகடனத்தை உடனே பாராளுமன்றத்துக்கு அறிவிக்கவேண்டும், 14 நாளுக்குள் அங்கீகாரம் கிடைக்காவிட்டால் அது செத்துவிடும், கிடைத்தாலும் ஒரு மாதம்தான், பிறகு புதிதாகப் பிரகடனம் செய்யவேண்டும். 2022 ஏப்ரல் 1 இல் கொண்டுவந்த அவசரகால நிலை, அரசாங்கத்தின் பெரும்பான்மை ஆட்டம் கண்டபோது, வாக்கெடுப்புக்கு வரமுன்னரே ஏப்ரல் 5 இரவு மீளப்பெறப்பட்டது. அதே ஆண்டு யூலை 17 இல் பதில் ஜனாதிபதி செய்த பிரகடனத்தைப் பாராளுமன்றம் அங்கீகரித்தது. ஆனாலும் அது அடிப்படை உரிமையை மீறியது என்று 2025 யூலை 23 இல் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. மூன்று கைகளும் ஒரே விடயத்தைத் தொட்ட இடம் இது. 126 ஆம் உறுப்புரையின்கீழ் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் தவணை என்பதையும் சேர்த்துக் குறிக்கட்டும்.

சிங்கராசா வழக்கை நான் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வெளியுறவு எங்கள் சனத்தின் கழுத்தில் எப்படி வந்து நிற்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. சர்வதேச சிவில், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் தெரிவு நெறிமுறையில், அதாவது தனியாள் ஐ.நா. குழுவிடம் முறையிட வழிவிடும் ஆவணத்தில், 1997 இல் இலங்கை இணைந்தது. அதை நம்பிச் சிங்கராசா என்ற தமிழ்க் கைதி ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் போனார். 2004 இல் குழு அவர் பக்கம் அபிப்பிராயம் சொன்னது. 2006 இல் உயர் நீதிமன்றம், பாராளுமன்றச் சட்டம் எதுவும் இல்லாமல் ஜனாதிபதி அப்படி இணைந்தது அரசியலமைப்புக்கு ஒவ்வாதது, ஆகவே இங்கே அதற்குச் சட்டவலு இல்லை என்றது. கையெழுத்து ஓர் அதிகாரம், அதை உள்நாட்டில் சட்டமாக்குவது இன்னோர் அதிகாரம். இந்த இடைவெளி விளங்கிய பிள்ளைக்கு வெளியுறவுக் கேள்விகளில் பாதி அவிழ்ந்துவிடும்.

பழைய ரியூசன் குறிப்புகளை நம்பவேண்டாம். 2015, 2020, 2022 என அரசியலமைப்பின் 19, 20, 21 ஆம் திருத்தங்கள் வந்துபோயின. பொலிஸ் மா அதிபர் நியமனத்தில், உயர் பதவி நியமனங்களைப் பார்க்கும் அரசியலமைப்புப் பேரவைக்கு உள்ள பங்கு ஒவ்வொரு முறையும் மாறியது. பாராளுமன்ற இணையத்தளத்தில் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதி இலவசமாக இருக்கிறது. அதையே அச்செடுத்துக் கொடுங்கள். 4, 30, 33, 34, 126, 148, 155, 157 ஆம் உறுப்புரைகள், கூடவே ஒன்பதாம் அட்டவணையின் ஒதுக்கிய நிரல். வெளிவிவகாரமும் பாதுகாப்பும் மாகாண சபைக்கு இல்லை என்பது அந்த நிரலில்தான் இருக்கிறது. ஒரு கொப்பியில் நாலு கோடு போடட்டும்: யார் செய்தார், எந்த உறுப்புரையில், யார் தடுக்கலாம், எத்தனை நாளுக்குள். கிழமைக்கு ஒரு செய்தி போதும்.

பரீட்சைக்கு வருவோம். வெளிநாட்டுச் சேவையின் மூன்றாம் தரத்துக்குத் திறந்த போட்டிப் பரீட்சை மூலம் ஆள் எடுப்பார்கள். பட்டம் கட்டாயம், எடுக்கும் தொகை சிறியது. வயதெல்லையும் பட்டத் தகைமையும் அந்தந்த முறை வர்த்தமானியில் சொன்னபடிதான், அதனால் பட்டம் கிடைத்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். இதை மட்டும் நம்பி இருக்கவிடாதீர்கள். நிர்வாக சேவைப் பரீட்சைக்கும் சேர்த்தே ஆயத்தமாகட்டும். பட்டத்துக்கு யாழ். பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானமும் சட்டமும் உண்டு, கொழும்பில் சர்வதேச உறவுகள் உண்டு. இசட் புள்ளி சட்டத்துக்கு எட்டாவிட்டால் திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணி இருக்கிறது.

எங்கள் பிள்ளைகளை அதிகம் மறிப்பது பாட அறிவல்ல, மொழி. அமைச்சுக்குள் கோப்புகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஓடும். உயர்தரப் பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கும் மாதங்களில் சிங்களம் எழுத வாசிக்கத் தொடங்கட்டும். ஆங்கிலத்தில் ஒரு பக்கச் செய்தியைப் பத்து வரியில் சுருக்கி எழுதும் பயிற்சியும் நாளுக்கு ஒன்று. மூன்று மொழியும் வந்தால், பரீட்சை ஒருமுறை தவறினாலும், பாராளுமன்றத்தில் உரைபெயர்ப்பாளர், அரச மொழிபெயர்ப்பாளர் சேவை என்று வேறு கதவுகள் திறந்திருக்கும்.

வருகிற கிழமை சான்றிதழ் உறுதிப்படுத்தவோ வேறு அலுவலுக்கோ யாழ். மாவட்டச் செயலகப் பக்கம் போனால் மகளையும் கூட்டிப்போங்கள். வெளிவிவகார அமைச்சின் பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அவள் ஒருமுறை கண்ணால் பார்க்கட்டும்.