ஏழாம் தலைமுறை மடிக்கணினியைத் தூக்கிப் போடாதீர்கள்
2017-இல் வாங்கிய, ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி உள்ள மடிக்கணினி நன்றாக ஓடுகிறது, விண்டோஸ் 11 மட்டும் ஏற மாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு உங்கள் கணினியில் இல்லை. விண்டோஸ் 11-க்கு இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் என்று மைக்ரோசாஃப்ட் 2021-இல் கோடு போட்டுவிட்டது. அப்போது உங்கள் கணினிக்கு நாலே வயது! என்னைக் கேட்டால், ஒரு கணினியின் விற்பனை நின்ற பிறகு பத்து வருடமாவது பாதுகாப்புத் திருத்தம் தர வேண்டும். புது வசதிகள் வராவிட்டால் போகட்டும்.

சரி, விண்டோஸ் 10 ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. முதலில் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுங்கள். அப்புறம் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டை பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் திரை எழுகிறதா என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள்.