பத்தாவது கோப்பையும் பாக்கிப் பணமும்

ஆப்பிரிக்க நாடுகளின் மகளிர் கால்பந்துக் கோப்பையைப் பற்றி மதுரை வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கல்லூரி மாணவி, மேலூர்: 2025 ஜூலையில் நடந்த போட்டியை '2024 கோப்பை' என்று எழுதுகிறார்களே, அச்சுப் பிழையா?

பிழை இல்லை. 2024இல் நடக்க வேண்டிய போட்டி, பாரிஸ் ஒலிம்பிக் வந்த அந்த ஆண்டின் அட்டவணை நெருக்கடியால் தள்ளிப்போய், 2025 ஜூலை 5 முதல் 26 வரை மொராக்கோவில் நடந்தது. பெயரை மட்டும் மாற்றவில்லை. ஏப்ரல் தேர்வை ஜூன் மாதத்தில் எழுதிப் பழகிய நம் மாணவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. மொத்தம் 12 அணிகள் 3 பிரிவுகளாக ஆடின. ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு இடம் பெற்ற அணிகளும், மூன்றாம் இடத்தவர்களில் சிறந்த இரண்டு அணிகளும் காலிறுதிக்குச் சென்றன.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், உசிலம்பட்டி: இறுதி ஆட்டத்தின் முடிவை மறுநாள் செய்தியில்தான் பார்த்தேன். இரண்டு கோல் பின்தங்கிய நைஜீரியா எப்படி வென்றது?

ரபாத் நகரில், சொந்த மக்களின் ஆரவாரத்துக்கு நடுவே, மொராக்கோ அணித்தலைவி கிஸ்லான் ஷெபாக் 13ஆவது நிமிடத்திலும் சனா முசூதி 24ஆவது நிமிடத்திலும் கோல் அடித்தபோது ஆட்டம் முடிந்துவிட்டதென்றே பலரும் எண்ணியிருப்பார்கள். இடைவேளைக்குப் பிறகு நைஜீரியாவின் எஸ்தர் ஒகொரொன்க்வோ ஆட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். 64ஆவது நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை அவர் கோலாக்கினார். சில நிமிடங்களில் ஃபோலஷாடே இஜமிலுசி சமன் செய்த கோலுக்குப் பந்தைக் கொடுத்தவரும் அவரே. 88ஆவது நிமிடத்தில் அவர் உதைத்த ஃப்ரீ கிக்கை ஜெனிஃபர் எச்செகினி வலைக்குள் செலுத்த, 3-2 என்று முடிந்தது. 2-2 என்று இருந்தபோது மொராக்கோவுக்குத் தரப்பட்ட ஒரு பெனால்டியை, காணொளியைப் பார்த்த நடுவர் திரும்பப் பெற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த முடிவு மட்டும் மாறாதிருந்தால் கோப்பை எங்கே போயிருக்கும் என்று மொராக்கோ ரசிகர்கள் இன்றும் கேட்பது நியாயம்தான்.

வாசகர், செல்லூர்: நைஜீரியாவைத் தவிர வேறு யாருமே வென்றதில்லையா?

வென்றிருக்கிறார்கள். எக்குவடோரியல் கினி 2008, 2012 ஆகிய ஆண்டுகளில் வென்றது. இரண்டு முறையும் அந்நாடே போட்டியை நடத்தியது. 2022இல் ஹில்டா மகாயா அடித்த இரண்டு கோல்களால் தென்னாப்பிரிக்கா மொராக்கோவை 2-1 என வீழ்த்தியது. ஒரே நாட்டில் அணிகள் கூடி ஆடும் முறை தொடங்கிய 1998 முதல் கணக்கிட்டால் மற்ற பத்தும் நைஜீரியாவுடையவை. 2004 இறுதி ஆட்டத்தில் கேமரூனுக்கு எதிராகப் பெர்பெச்சுவா ன்க்வோச்சா தனியொருவராக நான்கு கோல் அடித்தார்.

உடற்கல்வி ஆசிரியை, திருமங்கலம்: எங்கோ இருந்த மொராக்கோ அடுத்தடுத்து இரண்டு இறுதி ஆட்டங்களுக்கு வந்தது எப்படி? எங்கள் பிள்ளைகளுக்கு அதில் கற்றுக்கொள்ள ஏதேனும் உண்டா?

நீங்கள் கேட்டதுதான் இந்த முறை வந்த கேள்விகளிலேயே சாரமானது. 2000க்குப் பிறகு, தானே நடத்திய 2022 போட்டி வரை, மொராக்கோ இந்தக் கோப்பைக்குத் தகுதி பெற்று ஆடியதே இல்லை. 2020இல் அந்நாட்டுக் கால்பந்துச் சம்மேளனம் பெண்களுக்கென இரண்டு அடுக்குகள் கொண்ட தொழில்முறை லீக்கைத் தொடங்கி, வீராங்கனைகளின் சம்பளத்துக்குக் கழகங்களுக்குப் பண உதவியும் செய்தது. பிரான்சின் லியோன் கழகத்தை ஐரோப்பிய வாகையராக்கிய ரெய்னால்ட் பெத்ரோஸைப் பயிற்சியாளராக அழைத்து வந்தது. 2022இல் ராணுவக் கழகமான ஆஸ்ஃபார், ஆப்பிரிக்க மகளிர் கழகங்களுக்கான கோப்பையை வென்றது. 2023 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 6-0 என்று நசுங்கிய மொராக்கோ, அடுத்து தென்கொரியாவையும் கொலம்பியாவையும் வென்று 16 அணிகளின் சுற்றுக்கு முன்னேற, ஜெர்மனி ஊர் திரும்பியது.

இதற்கெல்லாம் வேராக இருப்பது வாராவாரம் ஆட்டம் கிடைத்ததே என்பது என் கணிப்பு. நம்மிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. தமிழ்நாடு அணி 2018இலும் 2023இலும் தேசிய வாகை சூடியது. ஆனால், உங்களுக்கே தெரிந்ததைச் சொல்வதென்றால், குறுவட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் தோற்ற பள்ளி அணிக்கு அந்த ஆண்டின் கால்பந்து அன்று மதியத்தோடு முடிந்துவிடுகிறது. ஜெர்சி வாங்கி, உள்ளூர்ப் பிரமுகரை அழைத்துக் கைகுலுக்கிப் படமெடுத்து, ஐம்பது நிமிடம் ஆடிவிட்டு வேன் ஏறும் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? பக்கத்துப் பள்ளிகள் நான்கைச் சேர்த்து, சனிக்கிழமைதோறும் எல்லாரும் எல்லாரோடும் மோதும்படி ஓர் அட்டவணை போட்டுப் பாருங்கள். அதற்குப் பெரிய செலவு ஆகாது. தலைமையாசிரியர்களின் சம்மதமும் இரண்டு பந்துகளும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

கணக்காளர், மதுரை: இத்தனை முறை வென்ற நைஜீரியப் பெண்களுக்கே பணம் பாக்கி வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. 2016இல் கோப்பையோடு நாடு திரும்பியவர்கள், பாக்கித் தொகை வரும்வரை அபுஜாவில் தங்கியிருந்த விடுதியைக் காலி செய்ய மறுத்ததோடு, நாடாளுமன்றத்துக்கு ஊர்வலமாகவும் சென்றார்கள். 2022இலும் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்துக்கு முன்பு, பணம் வராததால் பயிற்சிக்குச் செல்லவில்லை. 2025இல் நிலைமை தலைகீழானது. வெற்றி பெற்ற அணிக்கான பரிசு 10 லட்சம் டாலராக, அதாவது முந்தையதைப் போல் இருமடங்காக உயர்ந்திருந்தது. அதோடு நைஜீரிய அதிபர் போலா டினுபு ஒவ்வொரு வீராங்கனைக்கும் ஒரு லட்சம் டாலருக்கு நிகரான பணமும் வீடும் அறிவித்தார். அறிவிப்பு மகிழ்ச்சிதான். எனினும் ஆட்சியாளர் மனம் குளிர்ந்து தருவது கொடை; ஒப்பந்தத்தில் எழுதிய தொகை குறித்த நாளில் கைக்கு வருவதே உரிமை. அந்தப் பெண்கள் விடுதியில் அமர்ந்து கேட்டது இரண்டாவதைத்தான். கணக்கெழுதும் உங்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

வாசகர், அலங்காநல்லூர்: ஆப்பிரிக்க வீராங்கனைகள் இந்தியாவில் ஆடுகிறார்களா?

ஆடுகிறார்கள். உகாண்டாவின் ஃபாசிலா இக்வாபுட், கோகுலம் கேரளா அணிக்காக ஆடி, 2024-25 இந்திய மகளிர் லீக்கில் அதிக கோல் அடித்தவர்.

ஒரு தாய், கோரிப்பாளையம்: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கால்பந்து ஆட ஆசைப்படுகிறாள். தலையை மூடிக்கொண்டு ஆட விதி அனுமதிக்குமா ஐயா? வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள்.

தாராளமாக அனுமதிக்கும் அம்மா. 2014 முதல் கால்பந்து விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. 2023 உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாப் அணிந்து ஆடினார்; பெரியவர்களின் உலகக் கோப்பையில் அவ்வாறு ஆடிய முதல் பெண் அவர். விதி கேட்பவை சிலவே. தலைத்துணி கறுப்பாகவோ, சட்டையின் முதன்மை நிறத்திலோ இருக்க வேண்டும். சட்டையோடு சேர்த்துத் தைக்கக் கூடாது. நுனி எதுவும் வெளியே தொங்கக் கூடாது. அணிந்தவருக்கோ எதிரே ஆடுபவருக்கோ ஆபத்து விளைவிக்கக் கூடாது. ஆகவே ஊக்கு, குண்டூசி குத்தாமல், கழுத்தோடு ஒட்டி நிற்கும் நெகிழ்வான துணியில் தைத்துக் கொடுங்கள். பள்ளிப் போட்டியில் நடுவர் தயங்கினால், ஆட்டம் தொடங்கும் முன்பே இந்த விதியை அவரிடம் எடுத்துச் சொல்லும்படி உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.