நான்கில் மிஞ்சிய ஒன்று

அன்புள்ள ஐயா,

என் மகள் தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளிகளுக்கிடையே மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் சார்பில் பேசும் மாதிரி ஐநா கூட்டம் நடந்தது. அதில் அவளுக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாடு கிடைத்தது. அவள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம், அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். அடுத்த முறை அமெரிக்காவோ பிரிட்டனோ கேட்டு வாங்கிக்கொள் என்றேன். என் கேள்வி இது. வட நாடுகள் எனப்படும் பணக்கார நாடுகளும் தென் நாடுகள் எனப்படும் வளரும் நாடுகளும் கூடிப் பேசும் இந்த மாநாடுகளால் ஏழைகளுக்குப் பயன் உண்டா? ஒரே ஒரு நாடு மறுத்தால் எல்லாம் நின்றுபோகிறதே, பேசாமல் ஓட்டெடுப்பு வைத்தால் என்ன? இதில் சிங்கப்பூர் வடக்கா, தெற்கா?

மாலதி, உட்லண்ட்ஸ்

அன்புள்ள மாலதி,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வளரும் நாடுகளின் கூட்டணியான ஜி77இல் சிங்கப்பூர் இருக்கிறது, சிறுதீவு நாடுகளின் கூட்டணியிலும் இருக்கிறது. ஆனால் 1996லேயே உதவி பெறும் நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டது. உலக வர்த்தக நிறுவனத்தில் வளரும் நாடுகளுக்கான சலுகையை இனிவரும் பேச்சுகளில் கேட்க மாட்டோம் என்று 2019இல் சொல்லியும் விட்டது. எந்த அறை, என்ன விஷயம் என்பதைப் பார்த்து நாற்காலி போட்டுக்கொள்கிற ஊர் நம்முடையது. அவ்வளவுதான்.

ஓட்டெடுப்பு என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் அது. விவரம் தெரிந்தவர்களே இப்படிக் கேட்கும்போது எரிச்சல் வருகிறது. ஓட்டெடுப்பு நடக்காமலா இருந்தது? 1974 டிசம்பர் 12, ஐநா பொதுச்சபை. நாடுகளின் பொருளாதார உரிமைகள், கடமைகள் பற்றிய சாசனம். ஆதரவு 120, எதிர்ப்பு 6, நடுநிலை 10. தென் நாடுகளுக்கு அமோக வெற்றி. ஆனால் எதிர்த்த ஆறில் அமெரிக்காவும் பிரிட்டனும் மேற்கு ஜெர்மனியும் இருந்தன, ஒதுங்கிய பத்தில் ஜப்பானும் பிரான்சும் கனடாவும் இருந்தன. பணமும் சந்தையும் அந்தப் பதினாறு நாடுகளிடம். சாசனம் அலமாரிக்குப் போய்விட்டது. ஓட்டுக்கு உண்மையிலேயே மதிப்புள்ள இடம் பன்னாட்டு நாணய நிதியம். அங்கே பணத்துக்குத் தக்கபடி ஓட்டு. பெரிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வேண்டும், 16 விழுக்காட்டுக்கு மேல் அமெரிக்கா ஒன்றின் கையிலேயே இருக்கிறது. இப்போது சொல்லுங்கள், உங்கள் மகளின் பெனினுக்கு எது நல்லது?

உலக வர்த்தக நிறுவனத்தில் அப்படியில்லை. அங்கே ஒருவர் மறுத்தால் நின்றுபோகும் என்ற விதிதான் ஏழை நாட்டின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். அது என்ன செய்யும் என்று தெரிய வேண்டுமானால் தூரத்துக்குப் போக வேண்டாம். கணினிக் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதுமே, அந்த சன்டெக் சிட்டி போதும். உலக வர்த்தக நிறுவனத்தின் முதல் அமைச்சர் மாநாடு 1996 டிசம்பரில் அங்கேதான் கூடியது. முதலீடு, போட்டிக் கொள்கை, அரசுக் கொள்முதலில் வெளிப்படைத்தன்மை, சுங்க நடைமுறைகளை எளிதாக்குவது என்று நான்கு விஷயங்களை வட நாடுகள் மேசைக்குக் கொண்டுவந்தன. ஆராய்வதற்கு மட்டும் சம்மதம் கிடைத்தது. அன்றிலிருந்து அவற்றுக்கு 'சிங்கப்பூர் விவகாரங்கள்' என்று பெயர். ஏழை நாடுகள் வருடக்கணக்காக வெறுத்த ஒன்றுக்கு நம் ஊர்ப் பெயர். பள்ளிப் பாடத்தில் இது எங்கேயாவது வருகிறதா?

2001 நவம்பரில் கத்தாரின் தோஹாவில் அதே நிறுவனத்தின் மாநாடு. நான்கையும் பேச்சுவார்த்தைக்குள் தள்ளிவிட வேண்டும் என்று ஐரோப்பா நின்றது. முடியாது என்று நின்றவர் இந்திய வர்த்தக அமைச்சர் முரசொலி மாறன். தமிழர்கள் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கட்சி, குடும்பம், சினிமா என்று எங்கெங்கோ போய்விடுவார்கள். அந்த ஒரு வாரத்தைச் சொல்ல ஆளில்லை. மாநாடு ஒரு நாள் நீண்டு 14ஆம் தேதி முடிந்தது. வெளிப்படையான ஒருமித்த முடிவு எடுத்த பிறகே இந்த நான்கிலும் பேச்சு தொடங்கும், அந்த முடிவில் சேராமல் தடுக்க ஒவ்வோர் உறுப்பு நாட்டுக்கும் உரிமை உண்டு என்று மாநாட்டுத் தலைவரான கத்தார் அமைச்சரை வாய்விட்டுச் சொல்ல வைத்த பிறகுதான் இந்தியா இறங்கிவந்தது.

இரண்டு வருடம் கழித்து மெக்சிகோவின் கான்கூனில் நடந்த அடுத்த மாநாட்டில் ஆப்பிரிக்க நாடுகள் அந்த உரிமையைப் பயன்படுத்தின, மாநாடு உடைந்தது. 2004இல் நான்கில் மூன்றைக் கைவிட்டார்கள். மிஞ்சியது சுங்க நடைமுறை. 1989லேயே டிரேட்நெட் என்ற கணினி அமைப்பை வைத்துச் சுங்கத் தாள்களை மின்வழிக்கு மாற்றிய சிங்கப்பூருக்கு அதில் சிரமம் இல்லை. பெனினுக்கு?

இங்கேதான் தடுத்ததற்குப் பலன். 2013இல் பாலியில் முடிந்து, 2017 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த சுங்க நடைமுறை ஒப்பந்தத்தின் இரண்டாம் பகுதியைப் படியுங்கள். ஒவ்வொரு விதியையும் ஏ, பி, சி என்று வளரும் நாடே பிரித்துக்கொள்ளலாம். ஏ என்றால் தொடக்கத்திலேயே செய்வது. பெனின் போன்ற மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு அதற்கும் ஒரு வருடம் உண்டு. பி என்றால் தானே குறிக்கும் தேதிக்குள் செய்வது. சி என்றால் அவகாசமும் வேண்டும், பணமும் பயிற்சியும் வெளியிலிருந்து வர வேண்டும். திறன் வரும்வரை செய்யவேண்டிய கட்டாயம் இல்லை என்று 13ஆம் விதி சொல்கிறது. தேதி தவறும்போல் இருந்தால் பின்தங்கிய நாடு 90 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். மூன்று வருடம் வரை கூடுதல் அவகாசம், யாரையும் கெஞ்சாமல், தானாகவே கிடைக்கும்.

கெட்டுப்போகும் இடங்களும் இருக்கின்றன. பியிலிருந்து சிக்கு மாறலாம். ஏயில் போட்டதை அப்படி மாற்ற வழி வைக்கவில்லை. கௌரவத்துக்காக எல்லாவற்றையும் ஏயில் போடுகிற நாடு உதவி கேட்கும் பிடியைத் தானே விட்டுவிடுகிறது. அந்த 90 நாள் கெடு தெரிந்த அதிகாரி வேறு துறைக்கு மாற்றலாகிப் போனால் கெடுவும் அவரோடு போய்விடும்.

மாநாடுகளால் பயன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். 13ஆம் விதியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

உங்கள் மகள் அழுதாள் என்று படித்தபோது மனம் என்னவோ செய்தது. ஆனால் அமெரிக்காவைக் கேட்டு வாங்கு என்று சொன்னீர்களே, அந்தப் பிள்ளைக்கு அதைவிட மோசமான யோசனையை யார் சொல்லியிருக்க முடியும்? அடுத்த முறையும் பெனினையே எடுக்கச் சொல்லுங்கள். 2003இல் பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி நான்கும் பருத்தியை வைத்துக்கொண்டு கான்கூனுக்குப் போயின. அமெரிக்க மானியம் எங்கள் விவசாயியின் விலையைக் கெடுக்கிறது என்றன. பருத்தியை நம்பிய நாடுகள் வேறு தொழில்களுக்குப் போக உதவலாம் என்று வரைவில் பதில் வந்தது. மானியத்தைக் குறைப்பதற்குத் தேதி இல்லை. ஆப்பிரிக்க நாடுகளுக்கு வந்த கோபத்தில் அந்தப் பத்திக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆகவே வரைவு கைக்கு வந்ததும் முன்னுரையை விட்டுவிட்டு, யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று சொல்லும் வரிகளை மட்டும் அவள் அடிக்கோடிடட்டும். தேதியோ தொகையோ இல்லாத வரிக்கு மாற்று வரியைத் தானே எழுதி, உணவு இடைவேளைக்கு முன் மற்ற மூன்று பருத்தி நாடுகளின் மேசைகளுக்கும் கொடுக்கட்டும். நல்ல பேச்சை மறந்துவிடுவார்கள், எழுதிக் கொடுத்த வரி வரைவுக்குள் வந்துவிடும். ஆட்சேபம் இருந்தால் தலைவர் சுத்தியலைத் தட்டுவதற்கு முன் பெயர்ப்பலகையை உயர்த்த வேண்டும், தலைவர் பார்த்தாரா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். 2024இல் அஜர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த பருவநிலை மாநாட்டில் வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 300 பில்லியன் டாலர் என்று முடிவானபோது, பேச முன்பே அனுமதி கேட்டிருந்தோம் என்றது இந்தியா. அதற்குள் சுத்தியல் விழுந்துவிட்டது. ஆட்சேபத்தைப் பேசினார்கள், கைதட்டலும் கிடைத்தது. தொகை 300 பில்லியனாகவே நின்றது.