‘மிஸ்ஸிங் லிங்க்’ ஸ்டாப் மோஷன் படத்தை ஏழு வயதுப் பையனோடு பார்க்கலாமா? நிறை குறை என்ன?

பார்க்கலாம், ஆனால் கதைக்காக இல்லை, கைவேலைக்காக. 2019இல் லைக்கா (Laika) என்ற அமெரிக்க அனிமேஷன் ஸ்டுடியோ எடுத்தது. இயக்கம் கிறிஸ் பட்லர். பேர் வாங்கத் துடிக்கும் ஓர் ஆங்கிலத் துரை, பேசத் தெரிந்த மனிதக்குரங்கு ஒன்றை இமயமலையில் இருக்கும் அதன் உறவுக்காரர்களிடம் சேர்க்கக் கூட்டிப்போகிறார். அவ்வளவுதான்.

எங்கள் காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடித் தரைக்கல் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடி மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயக் கலவையை ஊற்றுவார்கள். ஒவ்வொரு கல்லும் தனித்தனி. ஸ்டாப் மோஷனும் அப்படித்தான்: பொம்மையை மயிரிழை நகர்த்தி ஒரு ஃபோட்டோ, மறுபடி நகர்த்தி இன்னொன்று, நொடிக்கு 24. பேச்சுக்கேற்ப முகத்தையே கழற்றி, முப்பரிமாண அச்சில் எடுத்த வேறு முகத்தை மாட்டுகிறார்கள். புயலில் கப்பல் புரள, சுவரே தரையாகிவிடும் அந்தச் சண்டையை நான் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

வில்லன்கள்தான் சப்பை. சொன்னதை அப்படியே நம்பும் அந்தக் குரங்கு வரும்போது மட்டும் சிரிப்பு வருகிறது. மற்ற ஜோக்குகள் பெரியவர்களுக்கும் இல்லை, பிள்ளைகளுக்கும் இல்லை. என் அக்கா மகன் பாதியிலேயே சீப்புச் சீடை டப்பாவைத் தேடிப் போய்விட்டான். கோல்டன் குளோப் விருது வாங்கியும் வசூலில் படுத்துவிட்டது.