தேன்: வேதமும் வைத்தியமும் – கேள்வி பதில்

ஸ்தோத்திரம். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவள் நான். வீடு மார்த்தாண்டம் பக்கம். ரப்பர் தோட்டத்தில் தேன் பெட்டி வைத்திருக்கிறோம். தேனைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு வரிசையாகச் சொல்கிறேன். மாத்திரையைக் குறைப்பது, நிறுத்துவது மட்டும் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு தம்பி: அக்கா, தேன் "எலும்புகளுக்கு ஔஷதம்" என்று வசனமே இருக்கிறதே. மூட்டுத் தேய்மானத்துக்கு அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

நீதிமொழிகள் 16:24-ஐ முழுசாக வாசியுங்கள், தம்பி. "இனிய சொற்கள் தேன்கூடுபோல் ஆத்துமாவுக்கு மதுரமும், எலும்புகளுக்கு ஔஷதமுமாகும்." ஔஷதம் என்று சொல்லப்பட்டது இனிய சொல். வாட்ஸ்அப்பில் பாதி வசனத்தை வெட்டி அனுப்புகிறார்கள். அம்மா ஆசைக்குத் தேன் சாப்பிடட்டும். தேய்ந்த மூட்டு அதனால் வளராது.

தேனால் உடம்பில் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தமாதிரி எழுதியிருக்கும் இடம் 1 சாமுவேல் 14. சாயங்காலம்வரை யாரும் சாப்பிடக்கூடாது என்று சவுல் ஆணையிட்டுவிட்டான். ஜனங்கள் யுத்தத்தில் விடாய்த்துப் போனார்கள். ஆணையைக் கேள்விப்படாத யோனத்தான் காட்டில் தேன்கூட்டைக் கண்டு, கையிலிருந்த கோலின் நுனியைக் குத்தி எடுத்து வாயில் வைத்தான், கண் தெளிந்தது. வார்டில் அதே தெளிவை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். பூவின் மதுவிலுள்ள சர்க்கரையைத் தேனீயே குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று உடைத்துவிடுகிறது. நம் குடலுக்கு அந்த வேலை மிச்சம். சீக்கிரமே ரத்தத்தில் ஏறிவிடும். "கொஞ்சம் ருசிபார்த்ததினாலே" என்றுதான் யோனத்தானும் சொல்கிறான். கொஞ்சம் என்ற சொல்லை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் வேண்டாம் என்ற சகோதரி: எங்கள் கணவருக்குப் பத்து வருஷமாகச் சுகர். ஒரு ஊழியர் ஜெபித்த தேன் என்று பாட்டில் விற்கிறார். தினம் இரண்டு ஸ்பூன் குடித்தால் மாத்திரை வேண்டாம் என்கிறார். வாங்கலாமா?

வேண்டாம், சிஸ்டர். ஜெபம் இலவசமாகத்தான் வருகிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு டீஸ்பூன் சீனி 4 கிராம். அதே ஸ்பூனில் தேன் 7 கிராம் பிடிக்கும். அதில் ஏறக்குறைய 6 கிராம் சர்க்கரை. அதாவது ஸ்பூனுக்கு ஸ்பூன் தேனில்தான் சர்க்கரை கூடுதல். "இயற்கைச் சர்க்கரை, ஏறாது" என்பதெல்லாம் விற்பவர் பேச்சு. உலக சுகாதார நிறுவனமும் தேனைச் சீனியோடு சேர்த்துத்தான் கணக்கு வைக்கிறது; எல்லாமாக நாளுக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது. அது நோயில்லாதவர்களுக்கும் சேர்த்துச் சொன்னது.

மருந்தை விட்டால்தான் விசுவாசம் என்று அவர் சொன்னால், ஏசாயா 38-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசு கூட்டித் தருவேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்த பிறகும், பிளவைமேல் அத்திப்பழத்து அடையைப் பற்றுப்போடச் சொன்னான் ஏசாயா.

ஒன்று மட்டும். கணவருக்குச் சுகர் இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால், மிஷினில் 70-க்குக் கீழே காட்டினால், அப்போது தேன் நல்ல கைமருந்து. மூன்று டீஸ்பூன் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மயக்கமாகிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேரே ஆஸ்பத்திரி.

திருநெல்வேலியிலிருந்து ஒரு இளம் தாய்: பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். மாமியார் சேனை வைக்கத் தேன் எடுத்துவிட்டார்கள். ஏசாயா 7:15-ல் இம்மானுவேலே வெண்ணெயும் தேனும் சாப்பிடுவார் என்று போட்டிருக்கிறதே என்கிறார்கள். ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானத்துக்குத் தேன் கொடுத்தார்களாமே?

கொடுக்கவே கூடாது, மகளே. ஒரு வயது முடியும்வரை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக்கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். நமக்கு ஒன்றும் செய்யாது. பிஞ்சுக் குடலில் அவை முளைத்து நஞ்சைக் கக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் உறிஞ்சும் பலம் குறையும், அழுகை மெலியும், இமை தொங்கும், கழுத்து நிற்காது, மூச்சும் நின்றுபோகலாம். காய்ச்சிக் கொடுக்கிறேன் என்பார்கள். கொதிக்க வைத்தாலும் அந்த வித்து சாகாது.

அத்தையிடம் அதே அதிகாரத்தில் 22-ம் வசனத்தைக் காட்டுங்கள். தேசத்தில் மீதியாயிருக்கிறவன் எவனும் வெண்ணெயும் தேனும் சாப்பிடுவான் என்று இருக்கிறது. வயல் பாழாய்ப் போன நாட்டில் எல்லாருக்கும் கிடைக்கிற சாப்பாடு எது என்பதுதான் அங்கே பேச்சு. ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குப் பாலும் தேனும் கலந்து கொடுத்ததாக வட ஆப்பிரிக்காவின் ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதியது உண்மை. பாலும் தேனும் ஓடும் கானானில் நுழைந்ததற்கு அடையாளமாகச் செய்தது அது. குழந்தை வளர்ப்புக்குச் சொன்னதல்ல. சேனைக்குத் தாய்ப்பால் போதும். அத்தை மனம் நோகாமல் சொல்லுங்கள், ஆனால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்று வயது மகனுக்கு ராத்திரி இருமல். தேன் கொடுக்கலாமா?

தாராளமாக. படுக்கும்முன் அரை அல்லது ஒரு டீஸ்பூன். தேனுக்கு நல்ல ஆதாரம் இருக்கும் இடமே இதுதான். பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டியிலும் இருமலுக்குத் தேன் உண்டு. மூச்சு வாங்கினாலோ விலா உள்ளிழுத்தாலோ தேனோடு நிற்காதீர்கள்.

அப்பாவுக்குக் காலில் சுகர் புண். தேன் தடவினால் ஆறும் என்கிறார்கள்.

பாதி உண்மை. தேனில் தண்ணீர் குறைவு, புளிப்புத்தன்மை உண்டு, புண்ணின் ஈரம் பட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் கொஞ்சமாக ஊறும். கிருமி தாக்குப் பிடிக்காது. ஆஸ்பத்திரிகளில் தேன் டிரெஸ்ஸிங் போடுவதும் அதனால்தான். ஆனால் அது காமாக் கதிர் பாய்ச்சிச் சுத்தம் செய்த மருத்துவத் தேன். அடுக்களைப் பாட்டிலைத் திறந்து சுகர் காலில் ஊற்றுவது வேறு விஷயம். சர்ஜனிடம் காட்டுங்கள், இன்றைக்கே.

சென்னையிலிருந்து: மார்த்தாண்டத்தில் வாங்கிய தேன் அடியில் சீனிப்பாகு மாதிரி உறைந்துவிட்டது. கலப்படம்தானே? எறும்பு, தீக்குச்சி டெஸ்ட் செய்யலாமா?

கோபம் வருகிற கேள்வி! ரப்பர் தேன் உறையும். குளுக்கோஸ் மணியாகக் கட்டுகிறது, அவ்வளவுதான். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, மூன்று இலை சேரும் காம்பு முனையில் சின்னச் சுரப்பி இருக்கும். அதில் துளித்துளியாய் மது கசியும். பூவே இல்லாமல் எங்கள் தேனீ அதை உறிஞ்சித்தான் மாசி, பங்குனியில் பெட்டி நிறைகிறது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினால் இளகிவிடும்.

எறும்பு, தீக்குச்சி, தண்ணீரில் சொட்டு விடுவது, எதையும் நம்பாதீர்கள். டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் என்ற தன்னார்வ அமைப்பு 2020-ல் பரிசோதித்த 13 பிராண்டுகளில் பெரும்பாலானவை என்.எம்.ஆர். என்ற நுட்பமான லேப் சோதனையில்தான் மாட்டின. லேபின் சாதாரணச் சோதனைகளைத் தாண்டி வந்த பாகுக்குத் தீக்குச்சியா பெரிது? தெரிந்த ஆளிடம் வாங்குவதே வழி.

தேன் அவ்வளவு நல்லதென்றால் லேவியராகமம் 2:11-ல் பலிபீடத்தில் தகிக்கக்கூடாது என்றது ஏன்?

காரணம் வசனத்தில் இல்லை. புளித்தமாவோடு சேர்த்து விலக்கியிருப்பதால், புளிப்பதுதான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். தேன் பெட்டி வைத்திருப்பவளுக்கு அது நியாயமாகப் படுகிறது: ஈரம் 20 சதவீதம் தாண்டினால் தேன் நுரைத்துப் பொங்கும். தேனடையின் கண்களை (அறைகளை) தேனீ மெழுகால் மூடுமுன் அவசரப்பட்டு எடுத்தால் இந்தக் கதிதான். அடுத்த வசனத்தையும் பாருங்கள். முதற்கனியாகத் தேனைக் கொண்டுவரலாம்.

யோவான் ஸ்நானன் சாப்பிட்டது காட்டுத்தேன். அப்படியானால் பெட்டித் தேன் சத்து குறைவா?

இல்லை. ருசியும் நிறமும் மாறும், சர்க்கரை சர்க்கரைதான். யோவான் வனாந்தரத்தில் கிடைத்ததைச் சாப்பிட்டார், அவ்வளவே. பெட்டித் தேனை இளக்காரமாக நினைக்காதீர்கள். 1911 முதல் 1917 வரை திருச்சியில் நம் நாட்டுத் தேனீக்கு அளவான பெட்டியைச் செய்து, ஊர்க்காரர்களுக்கு வளர்க்கப் பழக்கியவர் நியூட்டன் என்ற பாதிரியார். இன்றைக்கும் அது நியூட்டன் பெட்டிதான். பிறகு 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் ஸ்பென்சர் ஹாட்ச் அதை ஏழைக் குடும்பங்களுக்கு வருமானமாக்கினார்.

காலையில் வெந்நீர், எலுமிச்சை, தேன். எடை குறையுமா?

வெந்நீரால் தாகம் தீரும்.

உயிர்த்த இயேசு தேன்கூட்டுத் துணிக்கை சாப்பிட்டாரே (லூக்கா 24:42). அடையை மெழுகோடு சாப்பிடலாமா?

சாப்பிடலாம். மெழுகு செரிக்காது, கெடுதியும் இல்லை. மென்று சக்கையைத் துப்பினாலும் சரி. வெள்ளையாக இருக்கும் புது அடையாகப் பார்த்து எடுங்கள். கறுத்த அடையில் தேனீப் புழு வளர்ந்திருக்கும்.